கோல்ட் ஃபிஷ் போய் ஏஞ்சல் வந்த பிறகு: தொட்டி படுத்தும் பாடும் சரிசெய்யும் வழியும்

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மேலே விடும் இடமும் போக 130 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏழு வருஷம் அதில் கோல்ட் ஃபிஷ் ஓடியது. அப்புறம் ஏஞ்சல், மோலி, டெட்ரா, அடியில் மேய நாலு கோரிடோராஸ் என்று வெப்பமண்டல மீன்களுக்கு மாற்றினேன். மாற்றிய முதல் வருஷம் செத்த மீன்களின் கணக்கை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று அப்போது நோட்டில் குறித்து வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கோல்ட் ஃபிஷ் தொட்டியைக் குளிர்நீர்த் தொட்டி என்பது நம் பக்கம் பெயருக்குத்தான். அந்த மீனுக்குச் சுகமாக இருப்பது 18 முதல் 22 டிகிரி. நம் வீட்டில் அது 30 டிகிரியில் எப்படியோ காலம் தள்ளியது. வெப்பமண்டல மீன் கேட்கும் 25 முதல் 28 டிகிரி இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் சும்மாவே கிடைக்கிறது. அதனால் ஹீட்டர் வாங்கிப் போட்டால் மாற்றம் முடிந்தது என்று நினைத்தால் அங்கேயே தப்பு ஆரம்பிக்கிறது. டெல்டாவில் மீனை வாட்டுவது ஏற்ற இறக்கம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தொட்டி இரண்டே நாளில் 29-லிருந்து 25-க்கு இறங்கும். மார்கழி விடிகாலையில் 23. வைகாசி மத்தியானம் 32.5.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், மருந்து பாட்டிலைத் தொடும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை, மூன்று நாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. உறிஞ்சியில் ஒட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர்கள் இரண்டு டிகிரி வரை பொய் சொல்லும். கடையில் நாலைந்தை ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்து, பெரும்பான்மை காட்டுவதை ஒட்டிக் காட்டும் ஒன்றை எடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

மீன்கள் மூலையில் ஒடுங்கி நிற்கின்றன, துடுப்பை மடக்கிக்கொண்டு, தீனி போட்டாலும் வருவதில்லை

ஐப்பசி முதல் தை வரை இது வந்தால் அநேகமாகக் குளிர்தான். எல்லா மீனும் ஹீட்டர் பக்கம் போய் ஒண்டிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

ஹீட்டர் போட்டும் இப்படி என்றால் முதலில் அதன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்தும் தொட்டியின் மறுகோடி குளிர்ந்தே இருந்தால், சூடு ஹீட்டரைச் சுற்றியே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். ஃபில்டரின் தண்ணீர் ஓட்டம் அதன்மேல் படும்படி இடம் மாற்றினால் சரியாகும். படுக்கை வாக்கில் அடியை ஒட்டி வைப்பது இன்னும் நல்லது, சூடான தண்ணீர் மேலே ஏறிப் பரவும்.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ஹீட்டரை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும், சூட்டோடு எடுத்தால் கண்ணாடி விரியும். வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைக் காறல் ஹீட்டர் கண்ணாடியிலும் பிடித்திருக்கும். எனக்குச் சுண்டுவிரல் நகம் அளவு கனத்துக்குப் பிடித்திருந்தது. அந்தக் காறல் சூட்டைத் தண்ணீருக்கு விடாது, வேண்டிய சூடு வந்ததும் கரண்டை அறுக்க உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் ஏமாற்றும். பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தால் பொருபொருவென்று நுரைத்து உதிர்ந்துவிடும். கழுவிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

எத்தனை வாட் வாங்குவது? லிட்டருக்கு ஒரு வாட் என்று டப்பாவில் போட்டிருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. நமக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கிப் பிடித்தால் போதும், அதற்குப் பாதியே தாராளம். 130 லிட்டருக்கு நான் வைத்திருப்பது 75 வாட். பெரிதாக வாங்கினால் என்ன ஆகும் என்பது அடுத்தது.

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி வெந்நீராக இருக்கிறது

இது எனக்கே நடந்தது. முதல் மார்கழியில், கடைக்காரர் பேச்சைக் கேட்டு 300 வாட் ஹீட்டர் போட்டிருந்தேன். விடிகாலை கோலம் போட எழுந்த அம்மா, போகிற போக்கில் தொட்டிக் கண்ணாடியில் கை வைத்துவிட்டு, “டேய், தொட்டி என்னடா இப்படிச் சுடுது?” என்று கூப்பிட்டார்கள். தெர்மாமீட்டர் 36. ஏஞ்சல் இரண்டும் மல்லாந்து கிடந்தன. மோலிகள் மட்டும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மலிவான ஹீட்டரில் இது சகஜம், சாயங்காலம் வோல்டேஜ் குதிக்கிற தெருவில் இன்னும் சகஜம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 300 வாட்டுக்கு அரைமணி நேரம் போதும். கண்ணாடி வழியாகப் போகிற சூட்டைக் கழித்தாலும் ஓர் இரவு அதற்குத் தாராளம். 75 வாட்டுக்கு அதே ஒரு டிகிரிக்கு இரண்டு மணி நேரம் வேண்டும், மூன்று நாலு டிகிரி ஏறியதும் வெளியே போகிற சூடும் உள்ளே வருகிற சூடும் சமமாகி அதற்குமேல் ஏறத் திணறும். அதாவது சின்ன ஹீட்டர் பழுதானால் நமக்குத் தெரிய நேரம் கிடைக்கும். பெரியது பழுதானால் நேராக அடக்கம்தான்.

இப்படி ஆகிவிட்டால் ப்ளக்கைப் பிடுங்குங்கள், ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், மூடியை எடுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். அறைச் சூட்டில் இருக்கும், குளோரின் போன தண்ணீரை அரைமணிக்கு ஒரு வாளி என்று மாற்றிக்கொண்டே வந்தால் மெல்ல இறங்கும். அந்த ஹீட்டரை மறுபடி பயன்படுத்த வேண்டாம். வேறு ஹீட்டர் போடும்போது தனியாக விற்கும் டிஜிட்டல் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் ஒன்றையும் வாங்கி அதன் வழியாகக் கரண்ட் கொடுங்கள். ஹீட்டரின் தகடு ஒட்டிக்கொண்டாலும் கண்ட்ரோலர் அறுத்துவிடும்.

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

கௌராமியும் ஃபைட்டரும் இயல்பிலேயே மேலே வந்து காற்றை விழுங்கும் சாதி, அவற்றை விட்டுவிடுங்கள். மற்ற மீன்கள் கூட்டமாக மேலே வந்தால், எந்த நேரத்தில் வருகின்றன என்று பாருங்கள்.

விடிகாலையில் மட்டும் வந்து, விளக்குப் போட்டு இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டால், தொட்டியில் செடி அதிகம், இரவில் அவையும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கின்றன. இரவு முழுக்க ஏர் பம்பை ஓடவிடுங்கள். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்துகிறவர்கள் வீட்டில்தான் இது நடக்கும்.

மத்தியானம் மட்டும் வந்தால் வெயில். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடுவதால் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறுகிற குடும்பம் மாதிரி. கோடைக்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

நாள் முழுக்க வந்து, செவுள் சிவந்தும் தெரிந்தால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. இதில்தான் பழைய கோல்ட் ஃபிஷ் தொட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். கோல்ட் ஃபிஷ் தின்று தின்று கழிக்கிற மீன். வருஷக்கணக்கான கழிவு கல்லுக்கு அடியில் சேறாக உட்கார்ந்திருக்கும். ஹீட்டர் போட்டதும் அது வேகமாக அழுக ஆரம்பிக்கும். பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு) 8 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் விஷப் பங்கு 20 டிகிரியில் நூற்றுக்கு நாலு என்றால், 30 டிகிரியில் ஏழுக்கு மேல். அழுக்கு அதே அளவுதான், விஷம் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. குழாய் போட்டுக் கல்லுக்கு அடியில் உறிஞ்சி எடுங்கள், ஒரே நாளில் முழுவதையும் கிளறாமல் வாரத்துக்குக் கால் பாகமாக. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். மீன் பட்டினியில் சாகாது.

தண்ணீர் மாற்றிய அரைமணிக்குள் ஓடுகின்றன, குதிக்கின்றன, கண்ணாடியில் மோதுகின்றன

குளோரின். கோல்ட் ஃபிஷ் தாங்கிக்கொண்ட அளவை டெட்ரா தாங்காது. மேட்டூரில் ஜூன் 12-க்குத் திறந்துவிட்டு, ஆற்றில் செந்தண்ணீர் வரும் நாட்களில் எங்கள் தெருக் குழாயில் பிளீச்சிங் வாடை தூக்கலாகவே இருக்கும். ஆடிப்பெருக்கு சமயத்தில் நான் நகராட்சித் தண்ணீரை நேராக ஊற்றுவதே இல்லை. வாளியில் பிடித்து, ஏர் பம்பின் கல்லைப் போட்டு ஒரு நாள் விட்டுவிடுவேன். அவசரம் என்றால் குளோரினை முறிக்க மீன் கடையில் விற்கும் ஹைப்போ கல், வாளிக்கு ஓரிரண்டு போதும், கரைந்த பிறகு ஊற்றுங்கள். மீன்கள் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்தால் ஹைப்போவைத் தொட்டியிலேயே கரைத்து ஊற்றலாம், சில நிமிடங்களில் அடங்கும்.

தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது, மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒன்று சாகிறது

புது மீனுக்குப் புது வீடு கட்டிக்கொடுக்கும் ஆசையில் எல்லாரும் செய்யும் தப்பு இது. நானும் செய்தேன். கோல்ட் ஃபிஷ்ஷை எடுத்த அன்றே தொட்டியைக் காலி செய்து, கல்லையெல்லாம் மொட்டை மாடியில் கொட்டி வெயிலில் காயவைத்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவினேன். அந்தப் பழுப்பு வழவழப்புதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருந்த இடம் என்று அப்போது தெரியாது. ஏழு வருஷச் சொத்தை அரைநாளில் சாக்கடையில் விட்டேன். அது புதிதாகச் சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

பழைய தொட்டியை மாற்றுவதில் இருக்கும் ஒரே பெரிய லாபம் இந்த பாக்டீரியாதான். கோல்ட் ஃபிஷ்ஷின் கழிவையே சமாளித்த கூட்டத்துக்குப் பத்து டெட்ராவெல்லாம் தூசு. அதனால் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே, ஒரு வாளியில், இரண்டு தடவை அமுக்கி எடுத்தால் போதும். கோல்ட் ஃபிஷ் போன ஓரிரு நாளில் புது மீன்களில் முதல் தொகுதியை விட்டுவிடுங்கள், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும்.

என்னைப் போல ஏற்கெனவே கழுவித் தொலைத்திருந்தால், மீன் வளர்க்கும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று பார்த்து வாங்குங்கள். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிள்ளிப் போடுகிற தீனி. பால் நிறம் ஒரு வாரத்தில் தானாகத் தெளியும். தெளிய வைக்கும் மருந்து என்று விற்பது கண்ணுக்குத்தான் தெளியவைக்கும்.

மோலி நின்ற இடத்திலேயே ஆடுகிறது. நியான் டெட்ரா ஒரு வாரம்கூட நிற்பதில்லை

இரண்டும் எதிரெதிர் தொல்லை, காரணம் ஒன்றுதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து சித்தி மகன் போன் செய்தான்.

“அண்ணே, மோலி எல்லாம் நின்ன இடத்திலேயே ஆடிக்கிட்டு நிக்குது. சாமி வந்த மாதிரி இருக்கு.”

“என்ன தண்ணிடா ஊத்துற?”

“கேன் தண்ணிண்ணே. இந்த மாதிரி மீனுக்கெல்லாம் ஆர்ஓ தண்ணிதான்னு கடையில சொன்னாங்க.”

வெப்பமண்டல மீன் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர் என்று நினைப்பதால் வரும் வினை. மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் குட்டி போடும் வகை, உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீர்க்காரர்கள். மோலி கழிமுகத்து உப்புத் தண்ணீரில்கூட வாழும். அதைக் கொண்டுபோய் ஆர்ஓ தண்ணீரில் விட்டால் உடம்பின் உப்புச் சமநிலை கெட்டு, நீந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இடுப்பை ஆட்டும். குளிர்ந்தாலும் இப்படித்தான் ஆடும், எனவே முதலில் தெர்மாமீட்டர். அவன் வீட்டில் வாயில் வைக்க முடியாத போர் தண்ணீர் இருக்கிறது. அதைத் தினம் ஒரு சொம்பு, பிறகு இரண்டு சொம்பு என்று கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். பத்து நாளில் ஆட்டம் நின்றது. கடலோரம் இருப்பவர்கள் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் ஊற்றி மோலி வளர்ப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நியான் டெட்ரா இதற்கு நேர்மாறு. தென்னமெரிக்கக் காட்டு ஓடைகளின் மென்மையான, சற்றே புளிப்பான தண்ணீரில் வந்த சாதி. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 780. ஆர்ஓ சர்வீஸுக்கு வருகிற தம்பியிடம் பேனா மாதிரி மீட்டர் இருக்கும், ஒரு காபி கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆர்ஓ 40. பாதிக்குப் பாதி கலந்தால் 410, ஏஞ்சலுக்கும் பெரும்பாலான டெட்ராவுக்கும் அது போதும். நியானுக்கு ஆர்ஓ பங்கை இன்னும் கூட்டலாம். முழுக்க ஆர்ஓ மட்டும் வேண்டாம். பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் கார்பனேட் அதில் இருக்காது, ஒரு மாதத்தில் பிஎச் தடாலென்று விழும்.

அப்படி விழுந்த தொட்டியில் இன்னொரு பொறி உண்டு. புளிப்புத் தண்ணீரில் அம்மோனியா அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும், மீனும் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு நாள் சுத்தம் செய்கிறேன் என்று பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டி ஊற்றினால், சேர்ந்தது பூராவும் ஒரே நேரத்தில் விஷமாக மாறும். ‘சுத்தமான தண்ணீர் ஊற்றினேன், எல்லாம் செத்துவிட்டது’ என்று வருகிறவர்களின் கதை பலசமயம் இதுதான். ரொம்ப நாள் கவனிக்காத தொட்டியில் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் மாற்றாதீர்கள்.

ஒரு வார்த்தை கூடுதலாக. ஏஞ்சல் வளர்ந்துவிட்டால் நியான் அதற்குத் தீனி. தினம் ஒன்று பிணமும் இல்லாமல் காணாமல் போனால் தண்ணீரைச் சோதிக்க வேண்டியதில்லை, ஏஞ்சலின் வயிற்றைப் பாருங்கள்.

வாங்கி வந்த அன்றே செத்துவிடுகின்றன

கவரை மிதக்கவிட்டால் சூடு மட்டும்தான் சமமாகும், உப்பு சமமாகாது. தஞ்சாவூர்க் கடையில் வாங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றால், மீனைக் கவர் தண்ணீரோடு ஒரு சின்ன வாளியில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக 45 நிமிடம் இறக்குங்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த கவர் என்றால் அப்படி இழுத்தடிக்கக் கூடாது. இரவெல்லாம் மூச்சுவிட்ட கரியமில வாயு அந்தத் தண்ணீரின் பிஎச்சை இறக்கி வைத்திருக்கும். கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, உள்ளே சேர்ந்திருந்த அம்மோனியா விஷமாகும். மூடிய கவரைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிரித்த பிறகு கால்மணிக்குள் மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். எந்தக் கவர் தண்ணீரும் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்றைக்கு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உரசிக்கொள்கின்றன

வெள்ளைப்புள்ளி நோய். ‘இக்’ என்று கடையில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இது வந்ததெல்லாம் ஐப்பசி கார்த்திகையில்தான், தொட்டி சடாரென்று குளிர்ந்த இரண்டு மூன்று நாளில்.

புள்ளியாகத் தெரியும்போது ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது, அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. உதிர்ந்து, அடியில் பெருகி, புதுக் குஞ்சுகளாக நீந்தி வரும் சில மணி நேரத்தில்தான் அதைக் கொல்ல முடியும். அதனால்தான் இரண்டு நாள் மருந்து ஊற்றிவிட்டு ‘புள்ளி போய்விட்டது’ என்று நிறுத்தினால், ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. தண்ணீரை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 30-க்கு ஏற்றுங்கள், சூட்டில் அதன் சுற்று சீக்கிரம் முடியும், மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும். காற்றைக் கூட்டுங்கள். மாலக்கைட் க்ரீன் கலந்த மருந்தைப் பாட்டிலில் சொன்ன அளவுக்கு ஊற்றலாம், டெட்ராவும் கோரிடோராஸும் இருந்தால் பாதி அளவு. ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது குடித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மோலி, கப்பி மட்டும் இருக்கும் தொட்டி என்றால் நான் மருந்துக்கே போவதில்லை. வேதாரண்யம் பக்கத்துக் கல் உப்பு, லிட்டருக்கு இரண்டு கிராம் கணக்கில், இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றுவேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் அப்படியே விடுங்கள்.

தண்ணீர் பச்சையாகிறது

ஜன்னல் வெயில், அதிகத் தீனி. தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் அந்தப் பக்கம் ஒரு தட்டி கட்டுங்கள். விளக்கு ஏழு மணி நேரம் போதும். மீனுக்கு இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது

மெயினை அணைத்துவிட்டு அப்புறம் படியுங்கள். ஹீட்டர் கண்ணாடி விரிந்திருக்கும், அல்லது பவர்ஹெட்டின் (தண்ணீரைத் தள்ளும் சின்ன மோட்டார்) வயர் தேய்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, பழுதானதைத் தூக்கிப் போடுங்கள், டேப் சுற்றிப் பிழைக்க வைக்காதீர்கள். வீட்டில் கரண்ட் கசிந்தால் தானாக அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி இல்லையென்றால் தொட்டிக்கு முன்னால் அதைப் போடுங்கள். வயர்கள் ப்ளக்குக்கு வரும் முன் கீழே ஒரு தொங்கல் விழும்படி இருக்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

சித்திரை வைகாசி மத்தியானம் 33-ஐத் தாண்டுகிறது

ஹீட்டரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, கொசுவலைத் துணியைக் கட்டி, தண்ணீரின் மேல்மட்டத்தில் சின்ன ஃபேன் ஒன்று வீசும்படி வையுங்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துப் போகும், எங்கள் வீட்டில் இரண்டரை டிகிரி இறங்குகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாகப்பட்டினம் பக்கம் இவ்வளவு இறங்காது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். நான் அதை மண்பானையில் ஊற்றி வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சொம்பு, மூன்று மணிக்கு ஒரு சொம்பு என்று விடுவேன். தீனி விடிகாலையில் மட்டும்.

கரண்ட் போய்விட்டது

இரண்டு மூன்று மணி நேரம் என்றால் ஒன்றும் ஆகாது, தீனி மட்டும் போடாதீர்கள். அதற்குமேல் என்றால் குளிரைவிட மூச்சுதான் முதல் கவலை. இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டி பேட்டரியைக் காலி செய்ய வேண்டாம், ஐந்து வாட் ஏர் பம்பை மட்டும் மாட்டுங்கள். தொட்டியைப் போர்வையால் மூன்று பக்கமும் சுற்றினால் சூடு மெல்லத்தான் இறங்கும்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறியபோது எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே படுத்துவிட்டது. அப்போது தொட்டியில் கோல்ட் ஃபிஷ்தான். வீட்டில் ஆள் மாற்றி ஆள், சொம்பில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், அரைமணிக்குப் பத்துச் சொம்பு. அப்பா ஊற்றும்போது மட்டும் கணக்குத் தப்பாது. ஸ்பாஞ்சை ஃபில்டரிலிருந்து எடுத்து அகலத் தட்டில் தண்ணீரோடு வைத்திருந்தோம். மூடிய டப்பா ஃபில்டருக்குள் பாதி நாள் தேங்கினாலே பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும். கரண்ட் வந்ததும் அதை அப்படியே ஓடவிட்டால் அழுகிய தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

கோல்ட் ஃபிஷ் ஒன்றே ஒன்று, அதுவும் இங்கேயே இருக்கட்டுமே என்றால்

வேண்டாம். 28 டிகிரியில் அது இழுத்து இழுத்து மூச்சுவிடும். நியானை விழுங்கும். அழுக்கையும் இரட்டிப்பாக்கும். கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று ஹரித்ரா நதிக் குளத்திலோ பாமணி ஆற்றிலோ விடவும் வேண்டாம். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை இப்படி ஆங்காங்கே விட்டதில், அது தமிழ்நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகி, வலை போடுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். என்னுடைய நாலு கோல்ட் ஃபிஷ்ஷும் வடுவூர்ப் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக் கொல்லையில், வேப்பமர நிழலில் இருக்கிற சிமெண்ட் தொட்டிக்குப் போயின. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது, கையை நீட்டினால் விரலைச் சப்புகிறது.